ஜனவரியில் கூரையைத் திறந்தவர்கள்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதை யாரிடமும் மறைத்ததில்லை. இலான்ஸ் ஊரில் ஒரு பட்டறையில் தரை பெருக்க நுழைந்தேன். பிறகு அதே பட்டறையை விலைக்கு வாங்கினேன். இன்று ஆற்றோரமாகக் கண்ணாடிச் சுவர் வைத்து, கார்களை வரிசையாக நிறுத்தி, மேலே 'துரி' என்று என் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன் என்றால், அது எவன் போட்ட பிச்சையும் இல்லை. என் மகள் ஃப்ளுரினா படித்தவள். கணக்கையும் கம்ப்யூட்டரையும் அவள் பார்த்துக்கொள்கிறாள். வருகிற ஆளைப் பார்ப்பது மட்டும் இன்றைக்கும் நான்தான். வாசலில் பூட்சைத் தட்டிப் பனியை உதிர்க்கிற விதத்திலேயே அவன் எந்தக் காரின் முன்னால் போய் நிற்பான் என்று சொல்லிவிடுவேன்.

அதிலும், நாலு சக்கரமும் இழுக்கிற, கியர் தானாக மாறுகிற, கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருகிறவர்கள் எனக்கு அத்துப்படி. இந்த மலைப்பக்கத்தில் என்னைப் போல அதை விற்றவன் கிடையாது. பெரும்பாலும் சூரிச் ஆட்கள்: பல் டாக்டர், வக்கீல், இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட கம்பெனி முதலாளி. இங்கே மலைமேல் விடுமுறை வீடு இருக்கும், அதற்கு ஏறுகிற பாதை செங்குத்து. அதனால் நாலு சக்கரம். ஊரில் சுரங்கப்பாதை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இடது கால் செத்துப்போயிருக்கும். அதனால் ஆட்டோமேட்டிக். கூரை மட்டும் அவர்களுக்காக இல்லை, பார்க்கிறவர்களுக்காக. மே மாதம் நாலு நாள் திறப்பார்கள், ஆகஸ்டில் வெயில் சுடுகிறது என்று மூடிவிடுவார்கள். இப்படி எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜியேரி வந்து நின்ற வரைக்கும்.

ஜியேரி எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்தவன். பிரசூரா மலைக் கிராமத்துச் சாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுடையது. கோடையில் ஓடை அடைப்பு எடுப்பான், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். முதல் பனி விழுவதற்கு முன்னால் சாலையின் ஓரம் நெடுகிலும் ஆள் உயரத்துக்கு மேலே கம்பு நடுவார்கள். பனி மூடிய பிறகு சாலை எது, பள்ளம் எது என்று அந்தக் கம்பை வைத்துத்தான் தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கம்புகளை நட்டவன் ஜியேரி. ஒரு தடவை பனி தள்ளும் தகடு இடது காலில் விழுந்து முழங்கால் மடங்காமல் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஆடு வளர்த்தான்.

அப்படிப்பட்டவன் ரப்பர் பூட்சும் ஆட்டு வாசனையுமாகக் கடைக்குள் வந்தான். தன் ஓட்டை ஜீப்புக்கு டயர் கேட்க வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் நேராகப் போய் நின்றது கரும்பச்சை நிறத்தில், கூரை திறந்த, கைமாறி வந்த ஸ்போர்ட்ஸ் காரின் முன்னால்.

"ஜியேரி, அது தீவனம் ஏத்துற வண்டி இல்ல" என்றேன்.

"தெரியும். பின்சீட்டுல ஆடு ஏறுமான்னு பாத்தேன்."

"அதுல மனுசனே ஏற முடியாது."

"அப்ப நல்லதுதான். சொந்தக்காரன் எவனும் கூட வரேன்னு சொல்ல மாட்டான்."

நான் விடவில்லை. "எவடா அவ? சொல்லு. இந்த வயசுல உனக்கு இதெல்லாம் கேக்குது."

"பார்லாதான்" என்றான்.

பார்லா அவன் பெண்டாட்டி. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பொத்தானை அமுக்கிக் கூரையை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"இது பனிக்காலத்துல திறக்குமா?"

"பனிக்காலத்துல எந்தக் கிறுக்கன் திறப்பான்?"

"நான்தான்."

பிறகுதான் சொன்னான். பார்லாவுக்குப் பத்தொன்பது வயதில், அவள் பால் கறந்துகொண்டிருந்த மாட்டுக்கொட்டில்மேல் பனிச்சரிவு விழுந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் உத்தரத்துக்குக் கீழே, செத்த பசுவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். அந்தக் கதை எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு தலைக்கு மேலே தாழ்வாக எதுவும் இருந்தால் அவளால் மூச்சு விட முடியாது என்பது எனக்குத் தெரியாது. கோயிலில் கதவோரம் நிற்பாள். லிஃப்டில் ஏறமாட்டாள். பஸ்ஸில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பாள். வீட்டில் ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தால் சமாளிப்பாள். வண்டியில் அதுவும் பயன் இல்லை, தலைக்கு மேலே வானம் தெரிய வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து கான்வாஸைக் கழற்றிப்போட்ட ஜீப்பில்தான் அவளை எங்கேயும் கூட்டிப்போனான்.

இப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஒன்று விட்டு ஒரு நாள் கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வயிற்றில் பழைய ஆபரேஷன் இருந்ததால் வீட்டிலேயே செய்கிற வழி ஒத்துவராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஹீட்டர் இல்லாத ஜீப்பில் அவளை நெடுஞ்சாலையில் கூட்டிப்போனால் மெஷினில் படுக்கவைப்பதற்கு முன்னாலேயே விறைத்துப்போவாள்.

"மேல எங்க ரோட்டுக்கு நாலு சக்கரமும் இழுக்கணும்" என்றான் ஜியேரி. "என் காலுக்கு கிளட்ச் இருக்கக் கூடாது. அவளுக்குக் கூரை இருக்கக் கூடாது. இந்த மூணுக்கும் ஒத்துவர்ற வண்டி உங்கிட்ட இது ஒண்ணுதான். வெளியில நின்னு கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன்."

என் வாழ்நாளில் அந்தக் காரை அதைவிடச் சரியான காரணத்துக்கு யாருக்கும் விற்றதில்லை. சீட்டுக்குள் சூடு, பிடரியில் சூடான காற்று ஊதுகிற துவாரம் எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும் நானே சரிபார்த்துக் கொடுத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அதன் பிறகு இரண்டு குளிர்காலம் அந்தக் கார்தான் எங்கள் பள்ளத்தாக்குக்கு வேடிக்கை. கூரைத் துணி உறைந்திருக்கும்போது திறந்தால் கிழிந்துவிடும். அதனால் ஜியேரி காரை ஆட்டுக்கொட்டிலுக்குள்ளேயே நிறுத்துவான். ஆடுகளின் உடல் சூட்டில் துணி இளகி இருக்கும். கொட்டிலுக்குள்ளேயே கூரையை மடக்கிவிட்டு, வைக்கோல் தூசியோடு வெளியே வருவான். பக்கத்தில் பார்லா: தலையில் கம்பளித் தொப்பி, மடியில் ஆட்டுத்தோல், கைக்குள் வெந்நீர்ப் பை. ஜனவரி மாதம் மூக்கு உறைகிற குளிரில் இரண்டு கிழங்கள் கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கூர் நகரத்து சிக்னலில் பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். பார்லா அவர்களுக்குக் கையாட்டுவாள். வண்டியின் பின்னால் என் கடைப் பெயர் ஒட்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல விளம்பரம்.

அதற்கடுத்து வந்த நவம்பரில் எனக்கும் கூர் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. இதயத்தில் மெஷின் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை மயங்கி விழுந்ததில் டாக்டர் என் லைசென்சைப் பிடுங்கிவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குக் கார் விற்ற நான் எங்கே போனாலும் யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் மேலே பிரசூராவில் இருக்கிற என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். ஜியேரி வரச் சொன்னான். முழங்கால் இரண்டும் மார்பில் இடிக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

இறங்குகிற வழியெல்லாம் பார்லா பேசிக்கொண்டே வந்தாள். "பாலம் ஈரமா இருக்கு… எதிர்ல போஸ்ட் பஸ், பெருசா வருது… வலது பக்கம் விறகு அடுக்கியிருக்கான் பாரு…"

"பார்லா, உன் வாய்க்கு மூடியே கிடையாதா?" என்றேன்.

"வண்டிக்கே மூடி இல்ல துரி, வாய்க்கு எதுக்கு?"

ஜியேரி சிரித்தான். நானும் சிரித்தேன். ஆளைப் பார்த்தே எடை போடுகிறவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், ஜியேரிக்குக் கைக்கெட்டும் தொலைவில் உட்கார்ந்துகொண்டு எதையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பனி பிடித்துக்கொண்டது. டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்கு உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. ஏறின உடனே கண்ணை மூடிவிட்டாள். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மேலே ஏற ஏறச் சாலை, சரிவு, புல்வெளி எல்லாம் ஒரே வெள்ளை. மாதா கோயில் வளைவில் கோடை மழைக்கு வெளிப்பக்கம் சரிந்துபோயிருந்தது. சாலை இலாகா மலையை வெட்டிச் சாலையை உள்ளே தள்ளிப் போட்டிருந்தது. கம்பும் புது ஓரத்தில்தான் நட்டிருந்தார்கள். ஜியேரி திரும்பியது பழைய வளைவில். முன்னால் 'டக்' என்று ஒரு கம்பு மடங்கி வண்டிக்கு அடியில் போனது.

"ஜியேரி!"

முன்சக்கரம் ஒன்று இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் பனி மட்டும் பறந்துகொண்டிருந்தது, தரை இல்லை. அவன் பதறவில்லை. பிரேக்கை மிதித்து, பின்னோக்கிப் போட்டு, மெல்லக் காலை அழுத்தினான். மீதி மூன்று சக்கரமும் பிராண்டிப் பிராண்டி வண்டியைப் பின்னால் இழுத்தன. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியாக இருந்தால் இதை எழுத நான் இல்லை.

பார்லா கண் திறந்தாள். "மாதா கோயிலா?" என்றாள்.

"நான் நட்ட எடத்துல கம்பு இல்ல" என்றான் ஜியேரி.

"கம்பு இருந்துச்சு. நீ அது மேலதான் ஏத்துன" என்றேன்.

"என்ன நெறம்?"

"ஆரஞ்சு. பளீர்னு."

"நான் பாக்கல துரி."

அவனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. தார் கறுப்பாகத் தெரிகிற வரைக்கும் மிச்சக் கண்ணால் ஓட்டியிருக்கிறான். மற்றதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல. எல்லாம் வெள்ளையானதும் மனப்பாடத்தால் ஓட்டினான். சாலையை அவ்வளவு மனப்பாடமாக வைத்திருந்தவன் மட்டும்தான் இல்லாத சாலையில் அவ்வளவு திடமாகத் திரும்ப முடியும். மீதித் தூரம் பார்லா தூக்கத்தை உதறிவிட்டுச் சொன்னாள்: "இடது… இன்னும்… நேரா." வீடு வந்து சேர்ந்தோம்.

கொட்டிலில் வண்டியை நிறுத்தியதும் நான் சொன்னேன்: "நாம மூணு பேருக்குத்தான் தெரியும். இது இங்கயே இருக்கட்டும்."

"எதிர்ல போஸ்ட் பஸ் வரும். அதுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இருப்பாங்க" என்றான் ஜியேரி. மறுநாள் அவனே டாக்டருக்குப் போன் போட்டுத் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை. அவனே சொன்னான். லைசென்ஸ் போயிற்று.

இனி பார்லாவை யார் கூரை இல்லாமல் கூருக்குக் கொண்டுபோவது? ஒரே கேள்வி அதுதான். போகாவிட்டால் அவள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

நான் சும்மா இருக்கிற ஆளா? ஃப்ளுரினாவை அனுப்பினேன். ஊர் முழுக்கப் பனிக்கால டயர் மாற்றுகிற நேரம், கடை வாசலில் கார்கள் காத்து நிற்கும். இருந்தும் அவள் போனாள். போக, வர, நடுவில் மெஷின், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மூன்றாவது வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள்: "அப்பா, நான் எத்தனை நாள் போக முடியும்? ஆளுங்க டயருக்கு அடுத்த ஊருக்குப் போறாங்க."

"போகட்டும்."

"போகட்டும்னு நீங்க சொல்லுவீங்க. சம்பளம் நான்ல கொடுக்கணும்."

நோயாளிகளைச் சும்மா ஏற்றிப்போகிற தொண்டர்கள் இருக்கிறார்கள். போனிலேயே கெஞ்சினேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் வந்தார், நல்ல மனிதர். கூரை திறந்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை அவர் மனைவி போன் செய்தாள்: "அவருக்கு நெஞ்சுல சளி. உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" கூரில் வீடு பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கம், ஆனால் கூரை தாழ்ந்த மேல்மாடிதான் கிடைத்தது. பார்லா கேட்டாள்: "பால்கனி இருக்கா?"

"இருக்கு. பெரிசு."

"அப்ப நான் பால்கனியில படுக்கறேன். ஜியேரி ஆட்டோட உள்ள படுக்கட்டும்."

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பனிச்சரிவு அபாயம் என்று சாலையை மூடினார்கள். திறந்தபோது இரண்டு தடவை டயாலிசிஸ் தவறியிருந்தது. ஆம்புலன்ஸ்தான் வந்தது. தூங்க ஊசி போட்டு ஏற்றினார்கள். பாதி வழியில் விழித்துவிட்டாளாம். அவளைப் பிடித்துக்கொண்ட ஜியேரியின் கன்னத்தில் நகக்கீறலை நானே பார்த்தேன். கதவைத் திறக்கச் சொல்லி, பசுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

செய்தி கேட்டு நான் போஸ்ட் பஸ் பிடித்து மேலே போனேன். சமையலறையில் பார்லி கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. பார்லா கால் வீங்கி, தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன் துரி. இனிமே வரலன்னு."

"என்ன பேச்சு இது? ஃப்ளுரினா நாளைக்கே வருவா. கடையை இழுத்து மூடிடறேன்."

"மூடாத. ஃப்ளுரினா இந்த வாரம் வருவா. அடுத்த வாரம் ரோட்ட மூடுவான். அப்பறம் அந்தப் பெட்டி வரும்." ஆம்புலன்சைத்தான் சொன்னாள். "ஒரு தடவ பொதஞ்சேன், அது போதும். மறுபடி ஊசி போட்டு என்னப் பொதைக்காதீங்க."

நான் ஜியேரி பக்கம் திரும்பினேன். "நீ என்னடா வாய மூடிட்டு இருக்க?"

"ராத்திரி முழுக்கப் பேசினேன்" என்றான். கஞ்சியில் கரண்டியை நகர்த்திக்கொண்டே இருந்தான். "இதுக்கு மேல என்கிட்ட பேச்சு இல்ல."

பேசியே எங்கள் ஊர்ப் பாதிரியாருக்குச் சிவப்புக் கார் விற்றவன் நான். அன்றைக்கு என்னென்னவோ சொன்னேன். வசந்தம் வரட்டும் என்றேன், வேறு மருந்து வரும் என்றேன். என் காதுக்கே அது சரக்கு விற்கிற பேச்சாகத்தான் கேட்டது. பார்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துரி, கஞ்சி ஆறுது" என்றாள்.

காரை இனி யாரும் ஓட்டப்போவதில்லை. எங்கள் வழக்கப்படி ஜியேரி நம்பர் பலகை இரண்டையும் கழற்றிப் போக்குவரத்து இலாகாவுக்கு அனுப்பிவிட்டான். அந்த வாரக் கடைசியில் நான் மறுபடி போனேன். போய் என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன். உலர்ந்த இறைச்சி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனேன். அவளால் இனி உப்புச் சாப்பிட முடியாது என்பது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

அவர்கள் முற்றத்தில் இருந்தார்கள். கூரை திறந்த காரில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஜியேரி ஸ்டியரிங்கில், பார்லா பக்கத்தில், ஆட்டுத்தோலுக்குள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"ஏறு துரி" என்றாள் பார்லா. மூச்சு வாங்கியது. "பின்னாடி சூடு வராது. பரவாயில்லையா?"

ஏறினேன். இந்தக் காரை யாரெல்லாம் வாங்குவார்கள் என்று கேட்டாள். பல் டாக்டர் கதையைச் சொன்னேன், பொய்முடி பறந்து போய்விட்டதென்று அதற்குப் பணம் கேட்டு வந்த வக்கீல் கதையைச் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள். ஜனவரியில் பிரசூராவுக்கு வெயில் கொஞ்ச நேரம்தான். பக்கத்து மலை சூரியனை மறைத்துவிடும், நிழல் வீட்டுச் சுவரிலிருந்து முற்றத்தில் இறங்கி வரும். அது எங்கள் முதுகைத் தொட்டது.

"முன்னாடி போ ஜியேரி" என்றாள்.

அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். கார் சத்தமில்லாமல் நகர்ந்து வெயிலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நிழல் மறுபடி வந்தது. "இன்னும் போ." போனான். அப்படியே விறகு அடுக்கைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேலி முடிகிற இடத்துக்கு வந்துவிட்டோம். அதற்கப்பால் சாலை. வெயில் முழுக்கச் சாலைமேல் கிடந்தது.

"போடா" என்றேன். "பத்தடி. எவன் பாக்கப்போறான்?"

"பலகை இல்ல."

"பலகையாவது மண்ணாவது! அவ மூஞ்சிக்கு வெயில் வேணும்."

"அது பொது ரோடு துரி" என்றான். "எனக்குக் கண்ணு இல்ல. வளைவுக்கு அப்பால என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது."

எனக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் அவனைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் சீட்டுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. பார்லா ஆட்டுத்தோலுக்குள்ளிருந்து கையை எடுத்து, கியர் மேல் இருந்த அவன் கைமேல் வைத்தாள்.

"இங்கயே நிறுத்து" என்றாள்.

நிழல் எங்கள் மேல் ஏறி, முன்கண்ணாடியைத் தாண்டி, சாலையில் இறங்கியது. ஜியேரி சீட்டின் சூட்டைக் கடைசி அளவுக்குத் திருகினான். நான் என் கோட்டைக் கழற்றி முன்பக்கம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டாள். யாரும் கூரையை மூடவில்லை.